மூக்கு வைத்த டிரம்

போன மாதம் நம் கிடங்குக்கு உங்களையெல்லாம் பார்க்க வந்தேன் அல்லவா? அப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை, நீல நிற டிரம் வரிசையைக் காட்டி, "அதெல்லாம் மூக்கு டிரம், நிமிர்த்தியே வைங்க" என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏம்மா அந்தப் பெயர் என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க மேடம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெயர் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. எண்ணூர் கடற்கரைச் சாலையில், ஒரு மதிய வெயிலில் நடந்த விவகாரத்தில் வந்த பெயர் அது. அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். அறிவுரை வருமோ என்று பயப்பட வேண்டாம். எனக்கும் அறிவுரை என்றால் தூக்கம் வரும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நிறுவனத்தில் நான் தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தேன். ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் துறைமுகத்தில், மீதிப் பேர் ரயில்வேயில். அப்பா ரயில்வே. கல்மண்டபத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கப்பலேறும் அபாயச் சரக்குகளின் பெயர்களை நாள் முழுக்கத் தட்டுவேன். என்ன எழவைத் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்ட எனக்குப் பிடிக்கவில்லை. அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த தடிப் புத்தகத்தை எடுத்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

காற்றுப் பட்டால் எரியும் பொருள், தண்ணீர் பட்டால் எரியும் பொருள், குலுக்கினாலே கோபித்துக்கொள்ளும் பொருள் என்று உலகத்தில் இத்தனை இருக்கின்றன என்று எனக்கு அதுவரை தெரியாது. அவை அத்தனையும் நம் சாலையில்தான் போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூட ஆட்டோவுக்கும் இளநீர் வண்டிக்கும் பக்கத்தில், ஒன்றும் தெரியாத மாதிரி. நடுவில் இருப்பது ஒரு டிரம்மின் சுவர். விரல் பருமன்கூடக் கிடையாது. அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து டோல்கேட்டில் டிரெய்லர் ஒன்று என்னைக் கடந்து போனால் நின்று பார்ப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் பார்க்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சரக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவ மருந்துக்கடையில் விற்கிறார்களே, அதேதான். ஆனால் அதைவிடப் பல மடங்கு காட்டம். துணியும் காகிதமும் வெளுக்கப் பயன்படுவது. மணலிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று முதல் முறையாக வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறது, எதில் அடைப்பது என்று எங்களைக் கேட்டார்கள். எங்கள் முதலாளிக்கு இரும்பு டிரம் மேல் தனிப் பிரியம். தட்டிப் பார்த்தால் நல்ல சத்தம் வருமாம். நான் அந்தச் சரக்கை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் ஒரு அம்மா இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. என்னை உட்காரவைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினார். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. அதில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டார். அடுப்பில்லாமலேயே கொதித்துப் பொங்கியது. அடுத்து ஒரு கிழிந்த கோணித் துண்டின் மேல் சில சொட்டு விட்டார். ஒன்றும் ஆகவில்லை. அவர் மகளின் பரீட்சை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சின் நடுவே கோணியிலிருந்து தானாகப் புகை வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அவர் நிதானமாகக் கோணி மேல் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சொன்னார்: "இது தண்ணிதாங்க. கூட ஒரு பங்கு ஆக்சிஜன் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதை உதறிட்டு மறுபடியும் தண்ணியா ஆயிடணும்னு துடிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க என்ன செஞ்சாலும் அது நிக்காது. உதறினது வெளியே போக வழி விடுங்க. அது நம்மகிட்ட கேட்கிறது அவ்வளவுதான்."

அதைக் கேட்டு எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை ஆண்டுகளாக நாங்கள் எந்தச் சரக்கைப் பார்த்தாலும் எப்படி இறுக்கலாம் என்றுதான் யோசித்திருக்கிறோம். நம்முடைய பயத்துக்குத் தகுந்த மாதிரி உறை தேடுவோம். அந்தப் பொருளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்த அம்மாவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழித்தோம். இரும்பு கூடவே கூடாது, அந்த ஆணியைப் பார்த்தாயிற்று. பழைய பிளாஸ்டிக் டிரம்மும் ஆகாது, அதில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மிஞ்சியது புது, கனமான பிளாஸ்டிக் டிரம். அதன் மூடியில் கடுகளவு துளை. துளையின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு. வாயுவை வெளியே விடும், டிரம் நிமிர்ந்து நிற்கும் வரை திரவத்தை விடாது. இந்த மூடியைக் காட்டியதும் முதலாளி, ஓட்டை மூடியையா துட்டு கொடுத்து வாங்குவார்கள் என்று குதித்தார். குதித்து முடித்த பிறகு கையெழுத்துப் போட்டார்.

இப்போது ஜமால் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்டையார்பேட்டைக்காரர். எங்கள் கிடங்கில் சரக்கு கட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவர் தோளில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கிடக்கும். டிரம்மை மூடியதும் அதை எடுத்து மூடியைச் சுற்றி ஒரு தடவு தடவுவார். கைக்குட்டை காய்ந்திருந்தால் சரக்கு ஏறும். ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் இறங்கும். அமிலமாக இருந்தாலும் பெயிண்ட் தின்னராக இருந்தாலும் எங்கள் கிடங்கில் கடைசித் தீர்ப்பு அந்தக் கைக்குட்டைதான். அவர் கட்டிய சரக்கு கசிந்ததாக ஒரு புகார் வந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு, அதில் தப்பும் இல்லை.

பெராக்சைடு டிரம்களைக் கண்டெய்னரில் ஏற்றிய அன்று நான் வள்ளூர்ப் பக்கம் வேறொரு வேலையாகப் போயிருந்தேன். மறுநாள் மதியம் கிடங்கில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தபோது ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. ஏழுமலைதான் அந்தக் கண்டெய்னரை ஏற்றிப் போன டிரெய்லர் ஓட்டுநர். லேசில் பயப்படுகிற ஆள் இல்லை.

"யக்கா, பொட்டிக்குள்ள யாரோ தட்ற மாதிரி கீது" என்றான்.

போனைக் கண்டெய்னர் பக்கம் வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டொப் என்று ஒரு சத்தம். மறுபடி அமைதி. மறுபடி டொப். பிளாஸ்டிக் டிரம்மின் தட்டையான தலை உள்ளிருந்து அழுத்தம் தாங்காமல் வெளியே புடைக்கிற சத்தம் அது. வாயில் இருந்த மோர் கசந்தது.

அந்தச் சாலை உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குள் நுழைய டிரெய்லர்கள் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும். ஒரு பக்கம் கடலும் கருங்கல்லும், இன்னொரு பக்கம் மீனவர் குடியிருப்பு. ஓட்டுநர்கள் வேறெங்கே போவார்கள்? டிரெய்லருக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே கிடைக்கும் நிழலில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். ஆக்சிஜன் கசியும் பெட்டிக்கு அடியில் அடுப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலில் அதைத்தான் கேட்டேன். சோறு கொதிச்சினு கீது என்றான்.

"தண்ணி ஊத்தி அணை. சோறு போனா போவுது. முன்னாடி பின்னாடி வண்டிக்காரங்க அடுப்பையும் அணைக்கச் சொல்லு" என்றேன்.

கார் அந்த நெரிசலில் நகராது. ஜமால் பாயின் மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டேன். என் பை எப்போதும் தயாராக இருக்கும்: ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ். வழியில் அவர் தோளுக்கு மேல் எட்டி, நேற்று ஏற்றும்போது ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று கேட்டேன். அவர் பெருமையாகவே சொன்னார். டிரம்களை உருட்டிக்கொண்டு வந்து நிமிர்த்தியதும் வழக்கம்போலக் கைக்குட்டை போட்டிருக்கிறார். மூடியில் லேசாக ஈரம். மூடியைத் திருகிப் பார்த்தும் ஈரம் நிற்கவில்லை. புது டிரம், திருப்பி அனுப்ப மனசில்லை. அதனால் ஒவ்வொரு மூடி மேலும் டேப் சுற்றி, அதன் மேல் பாலிதீன் போட்டு மறுபடி டேப் சுற்றி, பிறகு கைக்குட்டை போட்டிருக்கிறார். காய்ந்திருந்தது.

"ஒரு பொட்டு வெளிய வராது கா, அப்டி கட்டிக்கீறேன்" என்றார்.

அதுவரை அவரிடம் யாரும் சொல்லியிராத அந்தத் துளையைப் பற்றி நான் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. டிரம்மைப் படுக்கப் போட்டு உருட்டியதில் சவ்வைத் தாண்டி லேசாகக் கசிந்த ஈரம் அது, அவ்வளவுதான் என்பது பிறகு தெரிந்தது. அந்த நிமிடத்தில் அவருக்குப் புரிந்தது ஒன்றுதான். அவர் செய்ததிலேயே நேர்த்தியான கட்டு, அந்தப் பெட்டிக்குள் ஒவ்வொரு டிரம்மின் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தது. மறுபடி வண்டியைக் கிளப்பியபோது அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான் பார்த்ததை இன்றும் மறக்க முடியவில்லை. ஏழுமலை சொன்னது வண்டிக்கு வண்டி பரவியிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை டிரெய்லர்களுக்கு அடியிலிருந்து எழுந்துகொண்டிருந்த புகை ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போனது. யாரும் ஏன் என்று கேட்டு நிற்கவில்லை. பசியோடு இருந்தவர்கள், அரை வேக்காட்டுச் சோற்றில் தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுந்து நின்றார்கள்.

தொழிற்சாலை அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் பதற்றப்படவில்லை. இரண்டில் ஒன்று என்றார். வெறும் மூச்சடைப்பு என்றால் எல்லா டிரம்மும் ஒரே மாதிரி உப்பியிருக்கும், சூடு இருக்காது. டேப்பைப் பிரித்துவிட்டால் அடங்கிவிடும். ஆனால் துருவோ அழுக்கோ உள்ளே விழுந்திருந்தால் அந்த டிரம் மட்டும் உள்ளிருந்து சூடேறும். "சுட்டுதுன்னா ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க ரோஸ்மேரி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடிடுங்க" என்றார். தரையில் சிந்தினால் கண்டெய்னரின் மரப்பலகை கோணித் துண்டு மாதிரி பற்றிக்கொள்ளும், அதனால் முதலில் எல்லாவற்றையும் நனைக்க வேண்டும் என்றும் சொன்னார்.

தீயணைப்புக்குச் சொல்லியாயிற்று, வண்டியும் கிளம்பிவிட்டது. ஆனால் அது இதே வரிசையின் வாலில் வந்து மாட்டிக்கொண்டது. முதலாளி போனில், சுங்க முத்திரையை நடுரோட்டில் உடைக்காதே, கப்பல் போய்விடும், எப்படியாவது துறைமுக வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போ என்றார். எப்படித் தள்ளுவது, தலையில் தூக்கியா என்று கேட்டுவிட்டு வைத்தேன். அடுத்து சுங்க அதிகாரி. அவர் சட்டம் பேசுவார், நான் பதிலுக்கு என்ன பேச வேண்டும் என்றெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி, பக்கத்தில் வீடுகள் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். "உடைங்க, நான் கிளம்பி வர்றேன்" என்றார். ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் வீணாகப் போயிற்று.

இனித் தண்ணீர்தான். எதிரே கடல், ஆனால் அந்த உப்பையும் மணலையும் இந்தச் சரக்கின் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. குடியிருப்பு முனையில் தண்ணீர் லாரி ஒன்று நின்றிருந்தது. அந்தப் பக்கத்தில் லாரி வரும் நாள் என்றால் திருவிழா. பச்சை, சிவப்பு, ஊதா என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. அப்போதுதான் நிரம்பத் தொடங்கியிருந்தன. அடுத்த லாரி எப்போது வரும் என்று லாரிக்காரனுக்கே தெரியாது. வரிசையின் முதலில் நின்ற பெண்ணின் பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவளிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இந்தப் பெட்டி வெடித்தால் முதல் வரிசை வீடுகள் இருக்காது, எனக்கு உங்கள் தண்ணீர் வேண்டும், தண்ணீரைக் கொடுத்துவிட்டு நீங்கள் எல்லாரும் குழந்தைகளோடு தூரமாகப் போய்விட வேண்டும் என்றேன்.

அவள் பின்னால் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"தண்ணிய குட்த்துட்டு ஓடிட்டா, கொடத்த தூக்கினு வர்றது யாரு, நீயா?" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தினேன். அவர்கள் குழந்தைகளையும் வயதானவர்களையும் மட்டும் உள்தெருவுக்கு அனுப்பிவிட்டு, லாரியிலிருந்து டிரெய்லர் வரை வரிசையாக நின்றுவிட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் மூன்று பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பதை மட்டும் அவர்களிடமிருந்து பிடுங்க முடிந்தது. அதிலும் ஒருத்தி கன்னியம்மா.

ஏழுமலை முத்திரையை உடைத்தான். கதவு திறந்ததும் வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி ஒரு அனல் முகத்தில் அடித்தது. உள்ளே நீல டிரம்கள் ஒரே அடுக்காக, தோளோடு தோள் இடித்து நின்றன. கண்ணுக்குத் தெரிந்த எல்லாத் தலைகளும் ஒரே அளவில் புடைத்திருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு அதைப் பார்த்து நிம்மதி என்றால் நம்புவீர்களா? ஒன்று மட்டும் உப்பியிருந்தால் அப்போதே ஓடச் சொல்லியிருப்பேன். ஆனால் பின்வரிசை கதவிலிருந்து சரியாகத் தெரியவில்லை. அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது. ஒரு நாள் முழுக்க அத்தனை அழுத்தத்தையும் வாங்கிக்கொண்டு, ஒரு கீறல் விடாமல் நின்றுகொண்டிருந்தது.

ஜமால் பாய் ஏற்கெனவே என் பையிலிருந்த கையுறையும் பூட்ஸும் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கட்னது. நான்தான் அவுக்கணும்" என்றார்.

"பாவம் தீர்க்கறதுக்கு ஆள் அனுப்பற இடம் இல்ல இது பாய்" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். மனசில் குற்றவுணர்ச்சியோடு உள்ளே போகிற ஆள் அவசரப்படுவான். அவசரப்பட்டால் சிந்துவான். வேறு யாரை அனுப்பலாம் என்று சுற்றிப் பார்த்தேன். பிறகு ஒன்று யோசித்தேன். ஒவ்வொரு மூடியிலும் அந்த டேப்பின் நுனி எங்கே இருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியும். வேறு யார் போனாலும் கத்தி எடுப்பார்கள், கத்தி சவ்வில் படும். அதற்காகத்தான் அவரை அனுப்பினேன். அதை அவரிடமும் சொன்னேன். மெதுவாக, ஒவ்வொன்றையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடு தெரிந்தால் கையை எடுத்துவிட்டு வெளியே வர வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவர் தலையாட்டினார்.

குடங்கள் கைமாறி வந்தன. தரை, டிரம், அவர் உடம்பு எல்லாம் நனைந்தது. கதவோரத்து முதல் டிரம்மைப் புறங்கையால் தொட்டார். வெயில் சூடுதான். பாலிதீனைப் பிரித்தார், டேப்பின் நுனியை விரலால் கிளப்பினார், ஒரே இழுப்பாக உரித்தார்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு நீண்ட மூச்சு.

புடைத்திருந்த தலை மெல்லத் தாழ்ந்து, டொப் என்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. நான் அந்தத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் டிரம் என்றால் ஒரு சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். அது மூச்சு விட்டதைக் காதால் கேட்டபோது என்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். பயத்தில் இல்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்தது. அதற்கடுத்தது. அடங்கிய டிரம் மேல் முழங்கால் ஊன்றி உள்ளே தவழ்ந்துகொண்டே போனார். பின்னால் ஏழுமலை தண்ணீரை மக்கில் வாங்கி வாங்கி ஊற்றிக்கொண்டே போனான். ஒவ்வொரு மூச்சும் ஒவ்வொரு நீளத்தில் வந்தது. கன்னியம்மா குடத்தைத் தூக்கிக் கொடுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தாள்.

கடைசி வரிசை, பெட்டியின் முன்சுவரை ஒட்டியது. ஒரே ஒரு டிரம் பாக்கி. பாய் புறங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"அக்கா, இது சுடுது" என்றார்.

வெளியே வாங்க என்று கத்தினேன். ஏழுமலை பின்னால் நகர்ந்தான். பாய் நகரவில்லை. "செவுரும் சுடுது கா" என்றார்.

தம்பிகளா, தங்கைகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சுவரில் நாள் முழுக்க வெயில் அடித்திருக்கிறது. சுவரை ஒட்டிய டிரம் சுடத்தான் செய்யும். ஆனால் உள்ளே ஒரு துரும்பு விழுந்து அதனால் சுட்டாலும் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். வெயில் சூடு என்று நம்பி அவரை அங்கேயே விட்டு அது தப்பாகப் போனால் பாயும் போவார், இந்தப் பெண்களும் போவார்கள். உள் சூடு என்று பயந்து எல்லாரும் ஓடினால், இறுக மூடிய அந்த ஒரே டிரம் வெடித்து, மற்ற அத்தனையையும் இழுத்துக்கொண்டு போகும், வீடுகளும் போகும். புத்தகத்தில் இதற்குப் பக்கம் கிடையாது. தேடியிருக்கிறேன்.

எனக்கு அந்த அம்மா கோணி மேல் தண்ணீர் ஊற்றியது ஞாபகம் வந்தது. வெளியிலிருந்து வந்த சூடு என்றால் தண்ணீர் பட்டதும் ஆறும், ஆறியபடியே இருக்கும். உள்ளிருந்து வரும் சூடு என்றால் எவ்வளவு ஊற்றினாலும் மறுபடி மேலே வரும்.

"பாய், ரெண்டு குடம் ஊத்துங்க. கைய வெச்சிக்கிட்டு இருங்க. மறுபடி சுட ஆரம்பிச்சா சொல்லக்கூடத் தேவையில்ல, வந்துருங்க" என்றேன்.

ஏழுமலை நான் சொல்லாமலே மறுபடி உள்ளே தவழ்ந்து குடங்களைக் கொடுத்தான். பாய் சுவர் மேலும் டிரம் மேலும் ஊற்றினார். பிறகு கையை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது, ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நானும் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி, பாதியில் எங்கே இருக்கிறேன் என்று மறந்து, மறுபடி தொடக்கத்திலிருந்து சொன்னேன். வெளியே கடல் கல்லில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு முறை டொப் கேட்டால் என் உயிரும் போய்விடும் என்று நினைத்தேன்.

"ஆறிட்ச்சி" என்றார் பாய். கொஞ்சம் பொறுத்து, "ஆறினாப்லயே கீது கா."

அவுத்துடுங்க என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டிருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக ஒரு மூச்சு, அந்தப் பெட்டியின் கோடியிலிருந்து வந்தது. கன்னியம்மா கையிலிருந்த காலிக் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாய் வெளியே வந்தபோது கையுறை இல்லை. டேப்பின் நுனி ரப்பருக்கு அகப்படவில்லை என்று எங்கேயோ நடுவில் கழற்றிப் போட்டிருக்கிறார். விரல் நுனிகளெல்லாம் சுண்ணாம்பு தோய்த்த மாதிரி வெளுத்திருந்தன. குடம் குடமாகக் கழுவவைத்துக்கொண்டே திட்டித் தீர்த்தேன். பிறகு அது சரியாகிவிட்டது, ஆனால் நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள், செய்தால் இங்கிருந்தே வந்து உதைப்பேன். தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தையும் நனைத்தது. சுங்க அதிகாரி மூச்சு வாங்க நடந்தே வந்து சேர்ந்தார். கப்பல் போய்விட்டது. அதனால் என்ன, அடுத்த கப்பல் வந்தது.

கன்னியம்மா என்னிடம், அப்படி என்னதான் அந்த டிரம்மில் இருக்கிறது என்று கேட்டாள். தண்ணீர் மாதிரி ஒன்று, மறுபடி தண்ணீராக ஆகத் துடிக்கிறது என்றேன். அவள் காலிக் குடங்களைப் பார்த்தாள்.

"அதுக்கு எங்க தண்ணிதான் கெடச்சிதா?" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். மறுநாள் காலையில் முதலாளி அந்தத் தெருவுக்கு ஒரு லாரி தண்ணீர் அனுப்பினார். அவராகவே அனுப்பினார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

ஜமால் பாய் அதற்குப் பிறகு சில நாள் தோளில் கைக்குட்டை இல்லாமல் வந்தார். வேலையை விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த முறை பெராக்சைடு டிரம்கள் வந்து இறங்கிய அன்று கைக்குட்டை திரும்ப வந்திருந்தது. நானும் போய் நின்றேன். முதல் டிரம்மின் மூடியைத் தடவினார். லேசாக ஈரம் பட்டது. ஆட்களில் ஒருவன் பழக்கதோஷத்தில் டேப்பை நீட்டினான்.

பாய் அதை வாங்கவில்லை. ஆட்கள் எல்லாரும் பார்க்க, வாயை இறுக மூடிக்கொண்டு, தன் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் விடவில்லை. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம். போதும் பாய் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அப்போதுதான் கையை எடுத்தார். உஸ்ஸ் என்று வந்த அந்த மூச்சை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருந்தேன்.

மூச்சு நிதானமாகும் வரை டிரம்மின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, மூடியிலிருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டார்.

"இதுக்கும் மூக்கு கீதுப்பா" என்றார். "உருட்டாத. மூடாத."